அறிவுரை சொல்லாமல் கேட்பது எப்படி

செல்லூரில் ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன் நான். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும். முன்பெல்லாம் அரைமணி நேரம் புத்தி சொல்லி அனுப்புவேன். அந்தப் பிள்ளை மறுபடி என் பக்கமே வராது. கார்ல் ரோஜர்ஸைப் படித்த பிறகு முறையை மாற்றினேன்.

1902இல் சிகாகோ அருகே பிறந்த உளவியலாளர் அவர். கல்லூரியில் முதலில் எடுத்தது விவசாயம். உதவி தேடி வருபவரை நோயாளி என்று பார்க்காதவர்.

முதலில் உட்காருங்கள், நேருக்கு நேராக வேண்டாம், கொஞ்சம் சாய்வாக. ‘ஊருக்கே போயிடறேன் மேம்’ என்றால், ‘அதெல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘இங்க இருக்கவே முடியலைன்னு இருக்கா?’ என்று, உங்களுக்குப் புரிந்ததைத் திருப்பிக் கேளுங்கள். கிளிப்பிள்ளை மாதிரி வார்த்தையைத் திருப்பக் கூடாது, உணர்ச்சியைப் பிடிக்க வேண்டும். தப்பாகப் பிடித்தாலும் நஷ்டமில்லை. உசிலம்பட்டிப் பெண் ஒருத்தி, ‘இல்ல மேம், அங்கயும் போக முடியாது’ என்று திருத்தினாள். அப்புறம் சுக்குக் காபி ஆறும்வரை வாயைத் திறக்கவில்லை. நானும்தான். பிறகு அவளே கல்யாணப் பேச்சைச் சொன்னாள்.

தூக்கம் வந்தால் நடிக்காதீர்கள். ‘கண்ணு சொருகுது பாப்பா, காலையில ஆறு மணிக்குப் பேசுவோமா?’ போதும். வெளிப்படையாக இருப்பதும் ரோஜர்ஸ் கேட்ட நிபந்தனைதான். பிள்ளையை அப்படியே ஏற்றுக்கொள்வது அவர் கேட்ட இன்னொன்று. ஆனால் ஏற்றுக்கொள்வது என்றால் விடுதி கேட்டைத் திறந்துவிடுவது இல்லை; ஒன்பது மணிப் பூட்டு பூட்டுதான்.

உயிரை விடுவதாகப் பேச்சு வந்தால் மட்டும் கேட்பதோடு நிற்காதீர்கள், காலைக்கும் தள்ளாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் அப்போதே மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள்.