விமான ஓடுதளத்தில் ரேஸ் பாதை அமைப்பது எப்படி

விமானம் இறங்கப் போட்ட தரை காரைத் தாங்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஓட்டுபவரின் கண்ணைப் பற்றி. மரமில்லை, சுவரில்லை, மேடில்லை, 160 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு எங்கே பிரேக் மிதிப்பது என்று சொல்ல எதிரே ஒன்றுமே இருக்காது. புளோரிடாவில் குண்டுவீச்சு விமானப் பயிற்சித் தளமாக இருந்த சீப்ரிங்கில், 1952இல் 12 மணி நேர ரேஸ் தொடங்கியபோது, அகன்ற கான்கிரீட் வெளியில் இருட்டில் பாதையைத் தேடுவதே ஒரு வேலையாக இருந்தது.

முதலில் எந்தத் தரையில் ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள். பிரிட்டனின் போர்க்காலத் தளங்களில் பெரிய ஓடுதளம் சுமார் 45 மீட்டர் அகலம். தளத்தைச் சுற்றி ஓடும் பாதை 15 மீட்டர். அப்படி ஒரு தளமான சில்வர்ஸ்டோனில் 1948 அக்டோபர் ரேஸுக்கு ஓடுதளங்களையே பயன்படுத்தினார்கள். கார்கள் நடுப்பகுதியை நோக்கி எதிரும் புதிருமாக வந்து திரும்பின. ஓட்டுநர்கள் மிரளக் கூடாதென்று நடுவே கேன்வாஸ் திரை கட்டினார்கள். மறு ஆண்டே அதை விட்டுச் சுற்றுப்பாதைக்கு மாறினார்கள். 1950 மே 13 அன்று முதல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப் பந்தயம் நடந்ததும் அந்தச் சுற்றுப்பாதையில்தான். சுற்றுப்பாதை இருந்தால் அதையே எடுங்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் போர்க்கால ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் நடத்திய ரேஸ்களின் பாதை ஆங்கில ‘T’ எழுத்து வடிவம். ஆக, வடிவத்தைத் தளம்தான் தீர்மானிக்கிறது.

ஒரே ஓடுதளத்தில் போய்த் திரும்பியே ஆக வேண்டுமென்றால், போக 12 மீட்டர், வர 12 மீட்டர், நடுவே 21 மீட்டர் வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் இரு ஓரமும் டயர் வரிசை. நடுவில் ஆளோ வண்டியோ நிற்கவே கூடாது.

வளைவுக்கு முன் பாதையைக் குறுக்குங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். 45 மீட்டர் அகலத்தை அப்படியே விட்டால் ஐந்து கார் ஐந்து கோட்டில் வந்து வளைவின் உள்முனையில் ஒன்றாக மோதும். பிரேக் போடும் இடத்துக்கு 150 மீட்டர் முன்பே கோன் வைத்து, மெல்ல மெல்ல 12 மீட்டருக்குக் கொண்டு வாருங்கள். திடீரென்று குறுக்கினால் அதுவே விபத்து.

தூரக் கணக்கு இது. டிரம் பிரேக் போட்ட பழைய கார், 160இலிருந்து 60 கி.மீ.க்கு இறங்க, காய்ந்த தரையில் 145 மீட்டர் அளவு எடுக்கும். பிரேக் சூடேறினால் இன்னும் கூடும். அதனால் வளைவுக்கு 300, 200, 100 மீட்டர் முன்னால் தூரம் எழுதிய பலகை. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை ஏறத்தாழ 55 கி.மீ. வேகத்தில்தான் எடுக்க முடியும். வளைவைத் தாண்டி நேரே போகும் காருக்குப் புல்வெளி போதும் என்று நம்பாதீர்கள். ஈரப் புல்லில் 160இல் வரும் கார் நிற்க 400 மீட்டர்கூட ஆகலாம்.

பலகையும் கோனும் வைத்தபின், நண்பகலில் பிரேக் போடும் இடத்துக்கு 200 மீட்டர் முன்னால் போய் முழங்காலிட்டுப் பாருங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுபவரின் கண், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்தான். நின்று பார்க்கும்போது பளிச்சென்று தெரிந்த கோன், அந்த உயரத்தில் கானல் நீரில் கரைந்துபோகும். கீழ்ப்பாதி காணாமல் போய், நுனி மட்டும் மிதக்கும். ஆகவே வளைவின் தொடக்கத்தில் 88 செ.மீ. உயரமுள்ள 200 லிட்டர் காலி டிரம். அதன்மேல் இன்னொரு மீட்டருக்குக் கம்பு நட்டுத் துணி. வெள்ளைக் கான்கிரீட்டில் வெள்ளை டிரம் தெரியாது, சிவப்புப் பட்டை அடியுங்கள். டிரம்முக்குள் மண்ணோ கல்லோ போட்டால் அது அடையாளமல்ல, சுவர். காற்றில் உருளும் என்றால் அடியில் ஒரு பழைய டயரை மாட்டுங்கள்.

வைக்கோல் கட்டு அந்தக் காலத்துப் படங்களில் அழகாக இருக்கும். ஆனால் நனைந்தால் கல்லாகும், காய்ந்தால் எரியும். 1967 மொனாக்கோ ரேஸில் இத்தாலிய ஓட்டுநர் லோரென்சோ பந்தினியின் கார் எரிந்தபோது வைக்கோல் தீயைப் பெருக்கியது. மூன்று அடுக்கு டயரை போல்ட் போட்டு இணைத்து வையுங்கள்.

தரையை ஒரு முழு நாள் நடந்து பாருங்கள். கான்கிரீட் பலகைகளின் இணைப்பில் 15 மி.மீ.க்கு மேல் விளிம்பு தூக்கி நின்றால் தேய்த்துச் சாய்வாக்குங்கள். பிரேக் போடும் நேரத்தில் முன்சக்கரம் அதில் குதித்தால் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். வெயிலில் இணைப்புத் தார் பிதுங்கியிருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். விமானம் இறங்கும் முனையில் படிந்த ரப்பரும், பெயின்ட் எண்களும் மழையில் வழுக்கும். அங்கே வளைவு வைக்காதீர்கள். கூட்டிப் பெருக்குவது பயிற்சிக்கு முன்பும் ரேஸுக்கு முன்பும், இரண்டு முறை.

ஒவ்வொரு வளைவிலும் கொடி, உலர்பொடித் தீயணைப்பான் இரண்டு, எண்ணெய் சிந்தினால் தூவ ஒரு மூட்டை சிமென்ட், துடைப்பம்.

கடைசியாக, டிரம், கோன் ஒவ்வொன்றின் அடியைச் சுற்றியும் தரையில் பெயின்ட் வளையம் வரைந்து எண் போடுங்கள். பயிற்சியில் பாதி இடித்துத் தள்ளப்படும். வளையம் இல்லையென்றால் மார்ஷல் (பாதையோரப் பணியாளர்) கண்மதிப்பில் ஒரு அடி உள்ளே வைப்பார். அடுத்த லேப்பில் அந்த வளைவே வேறாகிவிடும்.