ராணி எறும்பைப் பிடித்து, பார்க்காமல் வளர்ப்பது எப்படி

மழை விட்ட மறுநாள் சாயங்காலம் நடைபாதையில் குனிந்தபடியே போகிற ஆளைப் பார்த்தால், எதையோ தொலைத்தவன் என்றுதான் நினைப்பார்கள். என்னிடம் நாலு பேராவது "என்ன சார் விழுந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் தேடுவது இறக்கை உதிர்த்த எறும்பை. அதைச் சொன்னால் இன்னும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்பதால் "சாவி" என்று சொல்லிவிடுவேன்.

ஏழு வருஷமாக எறும்பு வளர்க்கிறேன். முதல் வருஷம் ஆறு ராணிகள் பிடித்தேன், ஆறும் போயின. அதற்கான காரணங்களைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் நேரம். வளர்ந்த புற்றில் வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ இறக்கை முளைத்த ராணிகளும் ஆண்களும் உருவாகும். நல்ல மழை பெய்து, ஓய்ந்து, காற்று அசையாமல் புழுக்கமாக இருக்கிற பொழுதில் ஒரே வகையின் புற்றுகள் எல்லாம் பேசி வைத்தாற்போல அவற்றைப் பறக்க விடும். வகையைப் பொறுத்து விடியற்காலை, மதியம், நள்ளிரவு என்று நேரம் மாறும். பறக்கும்போதே இணைந்துவிட்டு ராணி தரைக்கு வரும். ஆண் சீக்கிரமே செத்துப்போகும். தரைக்கு வந்த ராணி தன் காலாலேயே இறக்கையை ஒடித்துப் போட்டுவிட்டு ஒளிய இடம் தேடி ஓடும். நமக்குக் கிடைப்பது அந்த ஓட்டம்தான். சுவர் ஓரம், கல் இடுக்கு, தெருவிளக்கின் அடி, இந்த மூன்று இடங்களையும் விடாதீர்கள்.

விளக்கடியில் கிடப்பதில் முக்கால்வாசி ஈசலாக இருக்கும். ஈசல் கறையான் சாதி, எறும்பு இல்லை. ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று கிடையாது, மீசை மணி கோர்த்த மாதிரி நேராக நிற்கும். எறும்புக்கு முன்னிறக்கை நீளம், பின்னிறக்கை குட்டை. இடுப்பு நூலாகச் சிறுத்திருக்கும். மீசை முழங்கை மாதிரி மடங்கும்.

எறும்பு என்று தெரிந்த பிறகும் ஏமாறலாம். கட்டெறும்பு வகைகளில் பெரிய தலையோடு ஒரு வேலைக்காரி உண்டு. அப்படி ஒன்றை ராணி என்று நினைத்து 40 நாள் இருட்டில் வைத்து, முட்டைக்காகக் காத்திருந்தேன். தலையைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். பறக்கிற தசை அங்கேதான் இருக்கிறது, அதனால் ராணிக்கு நடு உடம்பு தலையைவிடத் தடித்து, கூனல் போட்ட மாதிரி இருக்கும். அதன் இரண்டு பக்கமும் இறக்கை ஒடிந்த தழும்பு தெரியும். வேலைக்காரிக்கு அந்த இடம் ஒல்லி, தழும்பும் இருக்காது. இறக்கையோடு கிடைத்தாலும் எடுத்து வையுங்கள், சில வகைகள் இணைந்த பிறகும் நாள் கழித்துத்தான் உதிர்க்கும். ஆண் என்றால் தலை சிறுத்து, உடம்பு குளவி மாதிரி ஒல்லியாக இருக்கும், அது வேண்டாம்.

விரலால் நசுக்கிப் பிடிக்காதீர்கள், இடுக்கியும் வேண்டாம். ஒரு சின்ன டப்பாவை அதன் முன்னால் சாய்த்து வைத்து, பின்னால் ஒரு இலையைக் காட்டினால் தானே ஏறிவிடும். ஈரமான டிஷ்யூ ஒரு துண்டு உள்ளே இருக்கட்டும். ஒரு டப்பாவுக்கு ஒரு ராணி. இரண்டைச் சேர்த்து வைத்தால் துணையாக இருக்கும் என்று தோன்றும். ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பான லாசியஸ் நைகர் ராணிகள் பெரும்பாலும் தனியாகத்தான் தொடங்கும், சில சமயம் ஒன்றாகத் தொடங்கிச் சேர்ந்தே குஞ்சு வளர்க்கும். ஆனால் வேலைக்காரிகள் வந்ததும் ஒன்று மிஞ்சுகிறவரை அடித்துக்கொள்ளும்.

புற்றைத் தோண்டி ராணியை எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். பாதி நேரம் ராணி கிடைக்காது, கிடைத்தாலும் ஒரு குடும்பமே அழியும். பறந்து வந்த ராணிகளில் பெரும்பாலானவை எப்படியும் பறவைக்கும் பல்லிக்கும்தான் போகும், அதில் ஒன்றை எடுப்பது வேறு கதை. அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025இல் கென்யாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள். எல்லாம் பஞ்சு வைத்த குழாய்களில், நாம் வளர்க்கிற அதே முறையில். ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஒரு வருஷம் சிறை என்று தீர்ப்பு வந்தது.

இனி குழாய். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நான் அதிகம் சொதப்பியது இங்கேதான். 16 மில்லிமீட்டர் விட்டம், 150 மில்லிமீட்டர் நீளமுள்ள சோதனைக்குழாய் பெரும்பாலான வகைகளுக்குப் போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். பஞ்சைக் குழாயின் வாயைவிடச் சற்றுப் பெரிதாக, இறுக்கமாக உருட்டி, பென்சிலால் மெதுவாகத் தள்ளுங்கள். தண்ணீரைத் தொட்டதும் பஞ்சின் அடிப்பக்கம் நிறம் மாறி, ஈரம் மேலே ஏறி வரும். மேல்முகமும் நனைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். இன்னும் அரை அங்குலம் தள்ளினால் தண்ணீர் இந்தப் பக்கம் வந்து நிற்கும். பஞ்சுக்கும் தண்ணீருக்கும் நடுவே பெரிய காற்றுக் குமிழி தங்கினாலும் ஆபத்து: அறை சூடானால் காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். என்னுடைய இரண்டாவது ராணி அப்படித்தான் மூழ்கியது. அதிலிருந்து, குழாய் தயாரானதும் ஒரு ராத்திரி டிஷ்யூ மேல் படுக்க வைப்பேன். காலையில் டிஷ்யூ நனைந்திருந்தால் பஞ்சை மாற்றுவேன்.

ராணியை உள்ளே விட்டதும் வாயை உலர்ந்த பஞ்சால் அடையுங்கள், காற்று அதன் வழியாகவே போய்வரும். குழாயைக் கறுப்புத் துணியில் சுற்றி, யாரும் நடக்காத, கதவு அறையாத இடத்தில் வையுங்கள். எறும்புக்கு அதிர்வு எமன். வெப்பமண்டல வகைகளுக்கு 24 முதல் 28 டிகிரி சரியாக இருக்கும். வெயில் படவே கூடாது.

அதன் பிறகு என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக் கூடாது.

என் முதல் ராணி நாலாம் நாள் முட்டை போட்டது. ஏழு முட்டை. எனக்குத் தலைகால் புரியவில்லை. டார்ச்சோடு ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பார்த்தேன். ஒன்பதாம் நாள் ஒரு முட்டைகூட இல்லை, தானே தின்றுவிட்டிருந்தது. பயந்துபோன ராணி, இந்த இடம் உருப்படாது என்று முடிவெடுத்தால் முட்டையைத் திரும்ப உடம்பில் சேர்த்துக்கொள்ளும். இப்போது பத்து நாளைக்கு ஒரு தடவைதான் பார்ப்பேன், அதுவும் சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாக, பத்து எண்ணுவதற்குள். அக்கா மகள் ஒரு நாள் அந்தத் துணி சுற்றிய குழாயைக் காட்டிக் கேட்டாள்: "பார்க்கவே கூடாதுன்னா எதுக்கு மாமா வளர்க்கிறீங்க?" இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த நாட்களில் சாப்பாடும் வேண்டாம். கட்டெறும்பு போன்ற வகைகளில் ராணிக்கு இனி பயன்படாத பறக்கும் தசையும் வயிற்றுக் கொழுப்பும் கரைந்து, அதிலிருந்தே முதல் குஞ்சுகளுக்கு ஊட்டும். பாவம் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் பூஞ்சை பிடிப்பதுதான் மிச்சம். ஆனால் எல்லா வகையும் இப்படி இல்லை. குதித்து வேட்டையாடும் ஹார்பெக்னேதஸ் போன்ற பழைய வகை ராணிகள் பட்டினி கிடக்காது, வெளியே வந்து இரை தேடும். அவற்றுக்கு இடம் வேண்டும், சின்னப் பூச்சி வேண்டும். அதனால் என்ன வகை என்று தெரிந்துகொள்ளாமல் பட்டினி போடாதீர்கள். முதல் முறை வளர்க்கிறவர்கள் கட்டெறும்பில் தொடங்குங்கள். மெதுவாக வளரும், ஆனால் பொறுக்கும். முசுறு பக்கம் போகாதீர்கள். குஞ்சின் இழையால் இலையைத் தைத்துக் கூடு கட்டுகிறதைக் குழாயில் அடைத்து என்ன செய்வது?

என் நோட்டில் இப்போது உள்ள கட்டெறும்புக் குடும்பத்தின் கணக்கு: 3ஆம் நாள் முட்டை, மூன்றாவது வாரம் புழு, ஐந்தாவது வாரம் பழுப்பு நிறக் கூடு, 52ஆம் நாள் முதல் வேலைக்காரி. குளிரில் இது இன்னும் இழுக்கும். முதல் தலைமுறை குட்டியாகவும் பயந்தாங்கொள்ளியாகவும் இருக்கும், அரைவயிற்றில் வளர்ந்தவை அல்லவா. பிறப்பது எல்லாம் இறக்கையுள்ள ஆண்களாக இருந்தால் உங்கள் ராணி இணையாதது. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் மட்டும்தான் வரும். அங்கே நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

முதல் வேலைக்காரி வந்த ஓரிரு நாளில் சாப்பாடு தொடங்கலாம். ஈரப் பஞ்சு இருக்கும் மூலைக்கு எதிர்ப்பக்கத்தில், சின்னப் பிளாஸ்டிக் துண்டின் மேல் குண்டூசித் தலை அளவு சர்க்கரைத் தண்ணீர். துளி பெரிதானால் அதிலேயே மூழ்கிச் சாகும். கூடவே பழ ஈ ஒன்று, அல்லது மாவுப்புழுவில் வெட்டிய ஒரு துண்டு. இனிப்பு பெரியவர்களுக்கு, பூச்சி குஞ்சுகளுக்கு. பூச்சியை உறைய வைத்தோ வெந்நீரில் போட்டோ கொடுங்கள், உண்ணி வராது. பூச்சிமருந்து பட்டிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

குளிர்நாட்டு வகை என்றால் குளிர்காலத்தில் மூன்று நாலு மாதம் 5 முதல் 10 டிகிரியில் தூங்க விட வேண்டும். வெப்பமண்டல எறும்புக்கு அது வேண்டாம்.

பெரிய கண்ணாடிக் கூட்டை முதல் மாதமே வாங்கி வைத்துக்கொண்டு அவசரப்படாதீர்கள். பத்து எறும்புக்கு மாளிகை கொடுத்தால் ஒரு மூலையில் குப்பை கொட்டும், அதில் பூஞ்சை வளரும். இருபத்தைந்து, முப்பது வேலைக்காரிகள் ஆகும்வரை குழாயிலேயே இருக்கட்டும். அதுவரை குழாயை ஒரு சின்ன டப்பாவுக்குள் திறந்து வைத்தால் வெளியே வந்து மேயும். டப்பாவின் மேல்விளிம்பில் டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள், ஏறினால் வழுக்கும். ஈரப்பதம் அதிகமானால் பிடிப்பு போய்விடும், அப்போது மறுபடியும் பூச வேண்டும். ஒரு முறை மறந்தேன். அம்மா எறும்புப்பொடி டப்பாவோடு என் அறை வாசலில் நின்றாள்.

வளர்ப்பை நிறுத்துவதாக இருந்தால், பிடித்த இடத்திலேயே, அதுவும் அதே வகை அங்கே இருந்தால் மட்டும் விடலாம். வெளியூரில் வாங்கியதைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். தென் அமெரிக்காவின் சிவப்பு நெருப்பெறும்பு 1930களில் கப்பல் சரக்கோடு அமெரிக்காவின் அலபாமாவில் இறங்கியது, இன்னும் அதை ஒழிக்க முடியவில்லை. வெளியூர் எறும்பை ஃப்ரீசரில் வைத்துக் கொல்வதுதான் வழி. மனசு கேட்காது என்றால் பிடிக்கும் முன்பே யோசியுங்கள்: லாசியஸ் நைகர் ராணி ஒன்று ஆய்வகத்தில் 28 வருஷம் வாழ்ந்திருக்கிறது.

குழாயில் தண்ணீர் வற்றினாலோ பஞ்சு கறுத்தாலோ, புதுக் குழாயை வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டுங்கள். புதியதை இருட்டாக்குங்கள், பழையதன் மேல் மெல்லிய வெளிச்சம் படட்டும். தட்டிக் கொட்ட வேண்டாம். என் குடும்பம் இரண்டு நாள் சும்மா இருந்தது. மூன்றாம் ராத்திரி ஒரு வேலைக்காரி போய்ப் பார்த்துவிட்டு வந்தது, பிறகு இன்னொன்றைக் கூட்டிப் போனது, அதன்பின் ஒவ்வொன்றாகக் கூட்டுப்புழுக்களை வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு போயின. கடைசியில் ராணியின் தாடையைப் பிடித்து ஒருத்தி இழுக்க, அது அசையாமல் நிற்க, கால் மணி நேரம் இழுபறி. காலையில் எல்லாம் அந்தப் பக்கம். பழைய குழாயை உடனே கழற்றாதீர்கள், ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். எப்போதும் ஒன்றிரண்டு பின்தங்கும்.