தெருவுக்கும் ட்ராக்குக்கும் ஒரே பிரேக் பேட்: தேர்ந்தெடுப்பது எப்படி?

தினமும் புதுச்சேரிக்குள் ஓடுகிற கார். எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டே. இரண்டுக்கும் சேர்த்து எந்த பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு இந்தப் பதிவு. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சாதாரண ஹாட்ச்பேக்கை மனதில் வைத்து எழுதுகிறேன், என் வண்டியும் அதுதான். பேடைக் கழற்றி மாட்டும் வேலையை விளக்கப் போவதில்லை. ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள், அது போதும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ராக்கில் ஓட்டும் அந்த இருபது நிமிடத்துக்காகப் பேட் வாங்காதீர்கள். முடித்துவிட்டு ஒரகடம், செங்கல்பட்டு, திண்டிவனம் என்று அதே பேடோடு வீடு திரும்ப வேண்டுமே, அந்த 150 கிலோமீட்டருக்காக வாங்குங்கள்.

படி 1: எவ்வளவு சூடு என்று கணக்குப் போடுங்கள்

வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகத்தான் மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஒரு டன் எடையுள்ள கார் 40 கி.மீ. வேகத்தில் வந்து இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றால் சுமார் 62 கிலோஜூல். அதே கார் ட்ராக்கில் 120-லிருந்து 60-க்கு இறங்கினால் சுமார் 417 கிலோஜூல். வண்டி நிற்கக்கூட இல்லை, அதற்கே ஏறக்குறைய ஏழு மடங்கு. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கான மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் ஒரு சுற்று 3.7 கி.மீ. அதற்குள் இப்படிப் பல தடவை மிதிக்க வேண்டும், நடுவில் ஆற நேரம் கிடைக்காது.

ஊருக்குள் டிஸ்க் பெரும்பாலும் 200 டிகிரிக்குக் கீழேயே இருக்கும். ட்ராக்கில் 400-க்கு மேல் சர்வசாதாரணம். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை என்றால், டிஸ்க் ஓரத்தில் பூசும் வெப்பப் பெயின்ட் கிடைக்கிறது. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். லேசர் தெர்மாமீட்டரைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். வண்டி பிட்டுக்குள் (ட்ராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம்) வருவதற்குள் டிஸ்க் பாதி ஆறிவிடும், தெர்மாமீட்டர் அந்தப் பாதியைத்தான் காட்டும்.

படி 2: பேடுக்கு முன்னால் பிரேக் ஆயில்

ட்ராக்கில் பிரேக் பிடிக்கவில்லை என்றதுமே எல்லோரும் பேடைத்தான் திட்டுகிறார்கள். பெடல் எப்படி இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் பேட் தன் எல்லையைத் தாண்டிச் சூடேறிவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே போய்த் தரையைத் தொட்டால் குற்றவாளி ஆயில். அது கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ் வந்துவிட்டது. ஆவியை அமுக்கலாம், ஆனால் அதை வைத்து, பேடை அழுத்தும் பிஸ்டனைத் தள்ள முடியாது. இந்த இரண்டாவது கேஸில் எவ்வளவு விலை கொடுத்துப் பேட் மாற்றினாலும் காசு வீண்.

டாட் என்பது பிரேக் ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் தர எண். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. இதெல்லாம் மூடியைத் திறந்த அன்றைய கணக்கு. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு வைக்கும் சோதனையில் டாட் 4-க்குக் கேட்கப்படுவது வெறும் 155 டிகிரி. நம் கடற்கரைக் காற்றில், சர்வீஸில் யாருமே தொடாத ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஊருக்குள் ஓட்ட இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். ட்ராக் டே போகிறவர் போவதற்கு முந்தைய வாரம் மாற்றிவிடுவது நல்லது. டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிகான், மற்றவற்றோடு சேராது. 5, 5.1 என்று எண்கள் பக்கத்தில் இருப்பதால் கடையில் மாற்றி எடுத்துவிட வாய்ப்பு அதிகம், டப்பாவை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள்.

ஆயில் மாற்றும்போது குழாய்க்குள் புகுந்த காற்றைத் தனி ஆளாக வெளியேற்ற, ஏர் எடுக்கும் பாட்டில்கள் விற்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. மச்சானை உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்வதுதான் என் முறை. ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட்டை அரித்துவிடும்.

படி 3: எந்த வகை?

வண்டியோடு வரும் பேட் குளிரிலேயே நன்றாகப் பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்க்கைத் தின்னாது. 300, 350 டிகிரி தாண்டினால் கைவிடும். முழு ரேஸ் பேட் இதற்கு நேர் எதிர். சூடானால் அபாரமாகப் பிடிக்கும். ஆனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, நேரு வீதியில் குறுக்கே ஒரு ஸ்கூட்டி வந்தால் பிடிக்காது. நம் ஊர் வேகத்தில் அது சூடே ஆகாது. அதோடு கீச்சுச் சத்தம், வீலெல்லாம் கருந்தூசு, டிஸ்க்கில் வரிவரியாகத் தேய்மானம். தெருவில் ஓடும் காருக்கு அதை மாட்டுவது ஆபத்து என்றே சொல்வேன்.

நமக்கு வேண்டியது நடுவில் உள்ள வகை. ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப் போன்றவை குளிரிலும் பிடித்து, சூட்டிலும் தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் டிஎஸ்2500 என் முதல் தேர்வு. கொஞ்சம் சத்தம் போடும், பரவாயில்லை. முதல் ட்ராக் டே என்றால் அதுகூடத் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள கம்பெனி பேட், புது டாட் 4 ஆயில், மூன்று நான்கு சுற்றுக்கு ஒரு முறை மெதுவாக ஒரு சுற்று, இது போதும்.

பேடின் ஓரத்தில் இரண்டு எழுத்து அச்சிட்டிருந்தால் கவனியுங்கள். முதல் எழுத்து குளிர்ந்த நிலையில் உராய்வு, இரண்டாவது சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. ‘எஃப்ஈ’ என்று இருந்தால் சூட்டில் பிடி குறைகிறது என்று அர்த்தம். அந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு நின்றுவிடுகிறது, அதனால் ‘ஜிஜி’ என்று இருப்பதாலேயே ட்ராக்குக்கு ஏற்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘செராமிக்’ என்ற பெயருக்கு மயங்காதீர்கள். தெருவுக்கென்று விற்கும் செராமிக் பேட் தூசு குறைவாக வருவதற்கும் சத்தம் வராமல் இருப்பதற்கும்தான். துளை போட்ட டிஸ்க்கும் அப்படியே, பார்க்க அழகு, ட்ராக் சூட்டில் துளை ஓரத்திலிருந்து விரிசல் விடும்.

படி 4: உங்கள் காலிப்பருக்குப் பொருந்துமா?

என்னை அதிகம் அலையவிட்ட இடம் இதுதான். காரின் பெயரையும் வருடத்தையும் சொன்னால் கடையில் ஒரு பெட்டியை எடுத்துத் தருவார்கள். ஒரே மாடலுக்குள்ளேயே இன்ஜினைப் பொறுத்து டிஸ்க் அளவும் காலிப்பரும் (பேடைத் தாங்கி டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) மாறும். வெளிநாட்டு கேட்டலாக்கில் அதே பெயரில் இருக்கும் காருக்கு இங்கே விற்றதில் இல்லாத காலிப்பர் இருக்கும். பெட்டியில் உங்கள் கார் பெயர் இருக்கும், பேட் உள்ளே போகாது. பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப வாங்கவும் மாட்டார்.

பழைய பேடைக் கழற்றுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். நீளம், உயரம், தகடோடு சேர்த்துத் தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து அதே தாளில் எழுதுங்கள். காதுகளின் வடிவம், பின்பக்கக் கிளிப், தேய்மான ஒயர் உண்டா இல்லையா, இதையும் குறியுங்கள். பெரிய கம்பெனிகள் தங்கள் கேட்டலாக்கில் படமும் மில்லிமீட்டரும் போட்டிருப்பார்கள். அதோடு ஒப்பிட்ட பிறகு ஆர்டர் போடுங்கள். கையோடு டிஸ்க்கையும் பார்த்துவிடுங்கள். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால் புது டிஸ்க் வாங்கிய பிறகுதான் ட்ராக்.

படி 5: பழக்குதல்

புது தோசைக்கல்லைப் பழக்காமல் முதல் தோசை வார்த்தால் என்ன ஆகுமோ அதுதான் புது பேடுக்கும். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும். விழுப்புரம் நான்கு வழிச் சாலையில் விடியற்காலை, பின்னால் யாரும் வராதபோது, 60-லிருந்து 15-க்கு எட்டுப் பத்து தடவை அழுத்தமாகப் பிடியுங்கள். ஒரு தடவைகூட முழுதாக நிறுத்தாதீர்கள். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். வார இறுதியில் ஈ.சி.ஆர். பக்கம் இதற்குப் போகவே வேண்டாம்.

ஒன்று மறக்கக் கூடாது. பேட் மாற்றியதும், வண்டியை நகர்த்துமுன், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பின்னே தள்ளிய பிஸ்டன் திரும்பி வர அதுதான் வழி. முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

பின்சேர்க்கை: கடலூரிலிருந்து ஒரு வாசகர், ட்ராக் டே முடிந்து திரும்பும்போது 80-ல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள் என எழுதியிருந்தார். வளைவது அபூர்வம். கொதிக்கிற டிஸ்க்கோடு பிட்டில் வந்து பிரேக்கை மிதித்தபடி நின்றால், பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் அச்சாக ஒட்டிக்கொள்ளும். உதறல் அதனால்தான். மறுபடி ஐந்தாம் படியைச் செய்யச் சொன்னேன், அவருக்குச் சரியாகிவிட்டது. அப்படியும் உதறல் போகாவிட்டால் டிஸ்க்கைக் கடைசல் போடலாம். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி, பிட்டில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

இன்னொரு பின்சேர்க்கை: பேட் ஒருபக்கம் மட்டும் தேய்கிறது என்று கடற்கரையை ஒட்டி வசிக்கும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பேடை மாற்றுமுன் காலிப்பரின் ஸ்லைடு பின்னை (காலிப்பர் நகர்வதற்கான கம்பி) கையால் அசைத்துப் பாருங்கள். உப்புக் காற்றில் துருவேறி இறுகியிருக்கும். வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் அங்குள்ள ரப்பர் ஊதிக்கொண்டு ஸ்லைடு பின் மறுபடி இறுகிவிடும்.