எல்லா வயிற்றுவலியும் வாயு அல்ல

கொடைக்கானல் மலையில் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ வயிறு வலிக்கிறது என்று வாயெடுத்தால் போதும், "வாயுதான், ரெண்டு பூண்டைச் சுட்டுச் சாப்பிடு" என்று பதில் வந்துவிடும். மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடே வாங்கியது. அதன் பெருமை வேறு. அடிவயிற்றில் ஒரே இடத்தில் விடாமல் வலித்து, கூடவே காய்ச்சலும் அடித்தால் அது டைவர்டிகுலைட்டிஸாக, அதாவது பெருங்குடலில் உண்டாகும் சிறு பைகளின் அழற்சியாக இருக்கலாம்.

பெருங்குடல் சுவர் நலிந்த இடங்களில் வெளியே பிதுங்கிச் சிறு பைகள் உண்டாகின்றன. வயதானால் இது சகஜம். பலருக்கு இருப்பதே தெரியாது. பை வீங்கி அழற்சி கண்டால்தான் வலி. பெரும்பாலும் இடப்பக்கம் வலிக்கும். ஆசியர்களுக்கு வலப்பக்கமும் வருவதுண்டு. அப்போது குடல்வால் வலி என்றே தோன்றும். சி.டி. ஸ்கேன்தான் பிரித்துக் காட்டும்.

பெரிய தவறு, "வயிற்றைக் கழுவிவிடலாம்" என்று விளக்கெண்ணெய் குடிப்பது. காரணம் தெரியாத வலிக்குப் பேதி மருந்து ஆபத்து. அடுத்தது மருந்துக்கடை மாத்திரை. காப்பித் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து முட்டி தேய்ந்தவர்கள் வீட்டில் டைக்ளோஃபெனாக்கோ இப்யூபுரூஃபனோ எப்போதும் இருக்கும். அதையே வயிற்றுவலிக்கும் விழுங்குவார்கள். இவ்வகை மாத்திரைகள் பையில் ஓட்டை விழும் அபாயத்தைக் கூட்டுகின்றன. போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். லேசான அழற்சிக்கு அது தேவையா என்பதே மருத்துவர் பரிசோதித்து முடிவு செய்ய வேண்டியது.

"காலையில் முதல் பஸ்ஸில் மலை இறங்கிக்கொள்ளலாம்" என்ற கணக்குதான் எனக்குக் கோபமூட்டுவது. வயிறு பலகைபோல் இறுகினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ இரவென்று பாராமல் 108-ஐ அழையுங்கள். வத்தலக்குண்டு வரையிலான வளைவுகளிலேயே எவ்வளவு நேரம் போகும் என்பது மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் வீண் பயம் நிறைய. கொய்யா விதையும் பேஷன் ஃப்ரூட் விதையும் பையில் சிக்கும் என்பார்கள். 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடையே கொட்டைகளும் பாப்கார்னும் நோயைக் கூட்டியதாகத் தெரியவில்லை. வலி இருக்கும் நாட்களில் கஞ்சி போதும். தணிந்தபின் கேரட், பீன்ஸ், கேழ்வரகு என்று நார்ச்சத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டலாம். தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். கொடைக்கானல் குளிரில் தாகமே எடுக்காது, மலம் இறுகிவிடும். புகையை விட்டால் நல்லது.

வலி போனதும் மறந்துவிடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பலருக்குக் கொலோனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் சோதனை) செய்யச் சொல்வார்கள். புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. வீக்கம் இருக்கும்போது செய்தால் குடல் கிழியக்கூடும் என்பதால்தான் இத்தனை வாரக் காத்திருப்பு.