மானிட்டரில் ஓடும் கோட்டைப் படிப்பது எப்படி? ஒரு பஸ் டிக்கெட் போதும்

ஐ.சி.யூ.வில் சேர்ந்த முதல் மாதம் நான் மானிட்டரைப் பார்த்த விதத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இதயத் துடிப்பின் எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். 82 என்றால் நிம்மதி, 140 என்றால் பதற்றம். பக்கத்தில் பச்சைக் கோடு, அதாவது இதயத்தின் மின் துடிப்பைக் காட்டும் இ.சி.ஜி., அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அது என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். நர்சிங் பரீட்சையில் பி, க்யூ, ஆர், எஸ், டி எல்லாம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவள்தான். ஆனால் புத்தகத்தில் அந்தக் கோடு நிற்கும். இங்கே ஓடும்.

இப்போது மதுரையிலேயே வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பேட்சுக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். பி அலை இதயத்தின் மேலறைகளுக்கு, க்யூ.ஆர்.எஸ். கீழறைகளுக்கு, டி என்பது கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவது என்ற அளவுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மருந்து, ஷாக் எல்லாம் டாக்டர் முடிவு. நம் வேலை, என்ன ஓடுகிறது என்று சரியாகப் பார்த்து, சரியான நேரத்தில் சரியான ஆளைக் கூப்பிடுவது.

படி 1: திரையை விடுங்கள், ஆளைப் பாருங்கள்

ஒருநாள் காலை ஆறு மணி இருக்கும். நான்காவது பெட்டில் சிவப்பு அலாரம் அலறுகிறது. திரையில் அகல அகலமாக, வேக வேகமாக அலைகள். வி.டி. (வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, கீழறைகளிலிருந்தே கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு) என்று மானிட்டரே எழுதிக் காட்டுகிறது. நானும் இன்னொரு சிஸ்டரும் எமர்ஜென்சி ட்ராலியைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். கட்டிலைச் சுற்றிய துணித் தடுப்பை விலக்கினால், உசிலம்பட்டிப் பக்கத்து அய்யா ஒருவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலதுகை விரலில் பல்பொடி வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எங்களைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். திரையில் அந்த ஆட்டமும் நின்றது. "என்ன தாயி, இம்புட்டுப் பேரு ஓடியாறீக? யாருக்கு என்னாச்சு?" என்றார் வாய் நிறைய நுரையோடு.

பல் தேய்த்தால் கைத்தசையின் அசைவு வி.டி. போலவே திரையில் விழும். குளிர் நடுக்கம், பார்க்கின்சன் நடுக்கம், நெஞ்சில் தட்டிக் கொடுக்கும் பிசியோதெரபி எல்லாமே இப்படி ஏமாற்றும். வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி, இ.சி.ஜி. கோட்டுக்குக் கீழே ஓடும், விரல் கிளிப்பிலிருந்து வரும் ஆக்சிஜன் அலையைப் பார்ப்பது. மேலே பேயாட்டம் ஆடினாலும் கீழே அந்த அலை நிதானமாகப் பழைய வேகத்தில் போனால், பெரும்பாலும் அசைவுதான். ஆனாலும் கையால் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் அலாரத்தை அமுக்காதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

படி 2: லீட் ஒட்டுவது

லீட் என்றால் நெஞ்சில் ஒட்டும் எலக்ட்ரோடுகளிலிருந்து மானிட்டருக்குப் போகும் ஒயர். இதை எல்லோரும் அலட்சியமாகச் செய்கிறார்கள். வேர்வையைத் துடைத்து, தோலைக் காயவிட்டு, முடி இருந்தால் கொஞ்சம் எடுத்துவிட்டு ஒட்டுங்கள். சித்திரை மாத வெயிலில் கரண்ட் போய் ஏ.சி. நின்றால் கால்மணி நேரத்தில் எலக்ட்ரோடு வழுக்கிக்கொண்டு வரும். பாக்கெட்டைப் பிரித்துப் போட்டு வைத்தால் ஜெல் காய்ந்துவிடும், அதை ஒட்டினால் கோடு புழு மாதிரி நெளியும்.

நிறம்: நோயாளியின் வலது தோள் பக்கம் சிவப்பு, இடது தோள் பக்கம் மஞ்சள், இடது விலாவுக்குக் கீழே பச்சை. சிக்னல் விளக்கு வரிசை. (மதுரையில் சிக்னலை யார் மதிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.) கறுப்பு வலது கீழே, வெள்ளை நெஞ்சில். திரையில் லீட் டூ (இதயத்தைப் பார்க்கும் கோணங்களில் ஒன்று, அதையும் லீட் என்றுதான் சொல்வோம்) வைத்துக்கொள்ளுங்கள், பி அலை அதில்தான் பொதுவாக நன்றாகத் தெரியும்.

படி 3: ஸ்டிரிப் எடுத்து வேகத்தைக் கணக்கிடுங்கள்

ஓடும் திரையைப் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். பிரின்ட் எடுங்கள், இல்லையென்றால் ஃப்ரீஸ் செய்யுங்கள். தாள் வினாடிக்கு 25 மி.மீ. ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.20 வினாடி. இரண்டு ஆர் முனைகளுக்கு (க்யூ.ஆர்.எஸ்.ஸின் உயரமான முனை) நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதனால் வகுத்தால் நிமிடத் துடிப்பு வந்துவிடும். இரண்டு கட்டம் 150, மூன்று 100, நான்கு 75, ஐந்து 60. துடிப்பு சீராக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது 30 பெரிய கட்டத்துக்குள், அதாவது 6 வினாடிக்குள், எத்தனை ஆர் என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள்.

படி 4: சீராக இருக்கிறதா? நான் சறுக்கிய இடம்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, அறுபது வயதுக்கு மேல். காய்ச்சல், மூச்சுத் திணறல். வேகம் 140-ஐ ஒட்டி. க்யூ.ஆர்.எஸ். ஒல்லி. காய்ச்சல்தானே, வேகமாகத்தான் துடிக்கும் என்று கேஸ் ஷீட்டில் சைனஸ் டாக்கிகார்டியா, அதாவது தாளம் இயல்பு, வேகம் மட்டும் அதிகம் என்று எழுதிவிட்டேன். ராத்திரி ரவுண்டு வந்த டூட்டி டாக்டர் அதைப் படித்துவிட்டுத் திரையை ஒரு நிமிஷம் பார்த்தார். "சிஸ்டர், அந்த நம்பரைக் கவனிங்க" என்றார். 138. 152. 129. 147. ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் வேறு எண். "காய்ச்சலுக்கு இப்படியா குதிக்கும்? ஒரு ஸ்டிரிப் எடுங்க."

எடுத்துப் பார்த்தாலும் எனக்கு எல்லாம் ஒரே இடைவெளியாகத்தான் தெரிந்தது. வேகம் கூடினால் முனைகள் நெருங்கிவிடும், ஒழுங்கின்மை கண்ணுக்குத் தப்பிவிடும். அவர் ஏதாவது துண்டுத் தாள் கேட்டார். என் ஐ.டி. கார்டு உறைக்குள் காலையில் மாட்டுத்தாவணியிலிருந்து வந்த பஸ் டிக்கெட் இருந்தது, கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் செய்ததை நிதானமாகச் சொல்கிறேன், இந்தப் பதிவே அதற்காகத்தான்.

டிக்கெட்டின் நேரான ஓரத்தை ஆர் முனைகளுக்குச் சற்றுக் கீழே வைத்தார். அடுத்தடுத்த மூன்று முனைகளுக்கு நேரே பேனாவால் மூன்று சின்னக் கோடு போட்டார். பிறகு டிக்கெட்டை அப்படியே வலப்பக்கம் நகர்த்தி, முதல் கோட்டை நான்காவது முனைக்கு நேரே நிறுத்தினார். சீரான துடிப்பு என்றால் மற்ற இரண்டு கோடுகளும் ஐந்தாவது, ஆறாவது முனைகளில் பொருந்தியாக வேண்டும். பொருந்தவில்லை. ஒன்று முன்னே, ஒன்று பின்னே. இன்னும் நகர்த்தினார், அங்கே வேறு மாதிரி தப்பியது. இந்தத் தப்புதலில்கூட ஓர் ஒழுங்கு இல்லை. பி அலை எங்கே என்று தேடினால் அடிக்கோடு முழுக்கச் சின்னச் சின்ன நடுக்கம்தான். ஏ.எஃப்., அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குவது. ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரக்கூடிய சங்கதி. அதைக் காய்ச்சல் கணக்கில் எழுதியிருந்தேன்.

மூன்று கோடு ஏன் முக்கியம் என்றால், இரண்டு கோடு தற்செயலாகப் பொருந்திவிடும். மூன்று ஏமாற்றாது.

இதோடு ஒரு பழக்கம்: துடிப்புச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கண்ணை மூடிக் கேளுங்கள். தாளம் தப்புவதைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடிக்கும்.

கருவி விஷயத்தில் என் கட்சி: இடைவெளி அளக்க இதற்கென்றே விற்கும் காலிப்பரை வாங்க வேண்டாம். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடர் அதே வேலையைச் செய்யும். வார்டில் அதுவும் வேண்டாம், முள் குத்தும், ஒரு வாரத்தில் காணாமல் போகும். துண்டுத் தாள்தான் ராஜா. அப்புறம், ஸ்டிரிப் தாள் சூடுபட்டுக் கறுக்கும் தாள். ஸ்கூட்டி டிக்கியில் வெயிலில் வைத்தால் பாழ். ஹேண்ட் ரப் ஈரத்தோடு தொட்டாலும் எழுத்து போய்விடும். நோயாளி பெயரை மறைத்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்டுங்கள்.

எதிர்மாறான பொறியும் உண்டு. எண் 150-இல் ஆணி அடித்த மாதிரி அசையாமல் நின்றால் அதையும் சைனஸ் என்று நம்பாதீர்கள். மேலறை நிமிடத்துக்கு 300 தடவை சுற்றி, இரண்டுக்கு ஒன்று கீழே இறங்கும் ஏட்ரியல் ஃப்ளட்டராக இருக்கலாம். ரம்பப் பல் போன்ற அடிக்கோட்டைத் தேடுங்கள்.

படி 5: பி அலையும் அதன் தூரமும்

ஒவ்வொரு க்யூ.ஆர்.எஸ்.ஸுக்கும் முன்னால் ஒரே உருவத்தில் ஒரு பி இருக்கிறதா? பி தொடங்கும் இடத்திலிருந்து க்யூ.ஆர்.எஸ். தொடங்கும் இடம் வரை மூன்றிலிருந்து ஐந்து சின்னக் கட்டம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் முதல் நிலை பிளாக், அதாவது துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கத் தாமதம். தூரம் நீண்டு நீண்டு வந்து ஒரு க்யூ.ஆர்.எஸ். விழாமல் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் வென்கெபாக். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான டச்சு டாக்டர் இதை 1899-இல், இ.சி.ஜி. எந்திரம் வருவதற்கு முன்பே, நாடித் துடிப்பின் பதிவை வைத்தே கண்டுபிடித்தார் என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நமக்குத் திரையே இருக்கிறது.

தூரம் நீளாமலேயே திடீரென்று ஒரு க்யூ.ஆர்.எஸ். காணாமல் போனால் அது ஆபத்தான வகை, உடனே கூப்பிடுங்கள். பி தன் பாட்டுக்குச் சீராக, க்யூ.ஆர்.எஸ். தன் பாட்டுக்கு மெதுவாக, இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்றால் முழு பிளாக். இதற்கும் டிக்கெட்தான்: இந்தத் தடவை பி முனைகளுக்குக் கோடு போட்டு நகர்த்துங்கள். க்யூ.ஆர்.எஸ்.ஸுக்குள்ளும் டி அலைக்குள்ளும் ஒளிந்திருக்கும் பி எல்லாம் வெளியே வரும்.

நம் ஊர்ப்பக்கம் வேலை பார்ப்பவர்கள் இந்தப் படியை நன்றாகப் பழக வேண்டும். மஞ்சள் அரளி விஷத்தோடு வருகிறவர்களைப் பார்ப்போம். அதன் நஞ்சு டிஜாக்சின் என்ற இதய மருந்து மாதிரியே இதயத்தைப் பிடிக்கும். வரும்போது எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள், நாமும் அசந்துவிடுவோம். பிறகு பி.ஆர். தூரம் (பி-யிலிருந்து க்யூ.ஆர்.எஸ். வரை மேலே சொன்ன தூரம்) மெல்ல நீளும், வேகம் இறங்கும். அந்த நீட்சியை முதலில் பார்க்கிற ஆள் நாமாகத்தான் இருப்போம்.

படி 6: அகலமா, ஒல்லியா?

க்யூ.ஆர்.எஸ். மூன்று சின்னக் கட்டத்துக்குள் இருந்தால் ஒல்லி. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அகலம். அகலம், வேகம், சீர் மூன்றும் சேர்ந்தால், வேறென்று நிரூபிக்கும் வரை வி.டி. என்றே எடுத்துக்கொண்டு ஆளைப் பாருங்கள், நாடியைத் தொடுங்கள், சத்தம் போடுங்கள். வி.டி.யிலும் நாடி இருக்கலாம், நோயாளி பேசலாம். பேசுகிறார் என்பதற்காகப் பொறுமையாக இருக்கக் கூடாது.

உருவமே இல்லாமல் கோணல்மாணலாக ஓடினால் வி.எஃப்., அதாவது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்குவது. அதற்கும் நாடி இல்லாத வி.டி.க்கும் ஷாக் உண்டு. நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. திரையில் அழகான கோடு ஓடியும் நாடி இல்லாவிட்டால் அதற்கும் கிடையாது. இவை இரண்டிலும் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டியதுதான். ஆள் அசைவில்லாமல், நாடி இல்லாமல் கிடந்தால் முதலில் நெஞ்சில் கை வையுங்கள். லீட் கழன்றிருக்கிறதா, அலையின் அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்களா, வேறு லீடில் வி.எஃப். தெரிகிறதா என்பதையெல்லாம் இன்னொருவர் பார்க்கட்டும்.

பின்சேர்க்கை 1: எல்லாத் துடிப்பும் நெருக்கமாக, ஒல்லியாகத் தெரிகிறது, ஆனால் எண் 80 என்கிறது என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். யாரோ திரை வேகத்தை 12.5-இல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 25-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. மேலே சொன்ன கணக்கெல்லாம் 25-க்குத்தான். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: சிவப்பைக் கீழே ஒட்டச் சொல்கிறார்கள், நீங்கள் மேலே என்கிறீர்கள் என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். இரண்டும் சரி. அமெரிக்க வகைக் கேபிளில் வலது தோள் வெள்ளை, இடது தோள் கறுப்பு, இடது கீழே சிவப்பு, வலது கீழே பச்சை, நெஞ்சில் பழுப்பு. நிறத்தை நம்பாமல் கிளிப்பில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: மானிட்டர் 130 காட்டியது, கையால் எண்ணினால் 65 என்று டயாலிசிஸ் யூனிட்டிலிருந்து ஒரு தம்பி எழுதினார். டி அலை உயரமாக இருந்தால் எந்திரம் அதையும் ஆர் என்று எண்ணிவிடும். லீடை மாற்றினால் சரியாகும். ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு டி ஏன் கூராக உயர்ந்தது என்று முதலில் டாக்டரைக் கேளுங்கள், பொட்டாசியம் ஏறியிருக்கலாம்.

பின்சேர்க்கை 4: டிக்கெட் சுருண்டுகொள்கிறது என்பவர்கள் மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் ஓரத்தைப் பயன்படுத்துங்கள். பல்பொடி அய்யா என்ன ஆனார் என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்லபடியாக வீட்டுக்குப் போனார். எலக்ட்ரோடு ஒட்டிய இடம் அரிக்கிறது என்பது மட்டும்தான் அவருடைய புகார். அது நியாயமான புகார், இரண்டு நாளாக நாங்கள் அதை மாற்றவே இல்லை. தினம் ஒருமுறை மாற்றுங்கள்.