ஆறாம் வகுப்புக்கு மேல் வீட்டுவழிக் கல்வி: பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"எந்தப் பாடத்திட்டம் நல்லது?" வீட்டுவழிக் கல்வியைத் தொடங்கும் பெற்றோர் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எல்லாப் பாடங்களும் ஒரே பெட்டியில் அடங்கிய ஏழாம் வகுப்புத் தொகுப்பு ஒன்றை வாங்கி, புத்தகங்களுக்கு அட்டை போட்டு, கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாவது வாரத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே அவள் கண் கலங்கியது. புத்தகத்தில் குறை ஏதுமில்லை. பின்னங்களை வகுப்பது அவளுக்குப் பிடிபடாமலேயே இரண்டு வகுப்புகள் கடந்திருந்தன. அது தெரியாமல் நான் விகிதமும் சதவீதமும் நடத்திக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிசையில் போனால், பணம் கொடுக்கும் நேரம் வரும்போது உங்கள் முன் இரண்டு மூன்று புத்தகங்களே எஞ்சியிருக்கும்.

படி 1: சட்டம் என்ன சொல்கிறது?

இது ஒரு நாள் வேலை, ஆனால் முதல் நாள் வேலை. ஜெர்மனியில் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதே கட்டாயம். வீட்டுவழிக் கல்விக்கு அங்கே அனேகமாக இடமில்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு. ஆனால் ஒரு மாநிலம் எதையும் கேட்காது, இன்னொன்று ஆண்டுதோறும் மதிப்பீடு கேட்கும். நீங்கள் வாழும் இடத்தின் கல்வித் துறை தளத்தில் மூன்று செய்திகளைத் தேடி எழுதி வையுங்கள்: பதிவு செய்ய வேண்டுமா, கட்டாயப் பாடங்கள் எவை, ஆண்டு மதிப்பீடு உண்டா.

படி 2: வெளியேறும் கதவைத் தீர்மானியுங்கள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஒன்பதாம் வகுப்பு நெருங்கும்போது, எந்தச் சான்றிதழோடு பிள்ளை கல்லூரிக்கோ வேலைக்கோ போகப்போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பாடத்திட்டத் தேர்வில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

பத்தாம் வகுப்புக்கு நிகரான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தேர்வு மையங்கள் வழியாகத் தனித்தேர்வராக எழுத முடியும். இந்தியாவின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். அமெரிக்காவில் கணிதம், மொழி, அறிவியல், சமூக அறிவியல் என நான்கு தாள்கள் கொண்ட, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஈடான ஜி.இ.டி. தேர்வு இருக்கிறது. கல்லூரி நிலைப் பாடங்களைப் பள்ளிப் பருவத்திலேயே எழுதும் ஏ.பி. தேர்வுகளை, அந்தப் பாடத்தைப் பள்ளியில் படிக்காதவர்களும், தேர்வு நடத்தும் பள்ளி ஒப்புக்கொண்டால், மே மாதத்தில் எழுதலாம்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று, அறிவியல் செய்முறைத் தேர்வு. ஐ.ஜி.சி.எஸ்.இ. அறிவியலில் செய்முறைக்கு ஈடான எழுத்துத் தாள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. அதற்கு அடுத்த, பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான கேம்பிரிட்ஜ் ஏ லெவல் நிலையில் ஆய்வகத்தில் நின்று செய்தே ஆக வேண்டும். தனித்தேர்வரை ஆய்வகத்துக்குள் ஏற்கும் மையம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. உங்கள் பிள்ளை மருத்துவமோ பொறியியலோ பற்றிப் பேசத் தொடங்கியிருந்தால், புத்தகம் தேடும் முன்பே ஒரு மையத்தைத் தொடர்புகொண்டு இதைக் கேட்டுவிடுங்கள்.

எந்தத் தேர்வு என்று முடிவு செய்ததும், அதை நடத்தும் வாரியத்தின் தளத்திலிருந்து அதிகாரபூர்வப் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் இறக்கி, அச்செடுத்து, ஒரு கோப்பில் வையுங்கள். இனி உங்களுக்கு அதுதான் பாடத்திட்டம். கடையில் விற்பவை எல்லாம் அந்த இடத்துக்குக் கூட்டிச் செல்லும் துணைகள்.

படி 3: பிள்ளை எங்கே நிற்கிறது?

இந்தப் படிக்கு ஒரு முழு வாரம் கொடுங்கள். வயதையும் முந்தைய வகுப்பையும் மறந்துவிட்டு, பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரியும் என்று பாருங்கள். கணிதத்தில் இது உயிர்நாடி. ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியின் மேல்தான் நிற்கிறது.

பத்துப் பதினைந்து கேள்விகள் போதும். எடுத்துக்காட்டாக இவை: 3/4 மீட்டர் நாடாவை 1/8 மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டுகள்? −3 − (−5) எவ்வளவு? 2(x − 3) = 10 என்றால் x என்ன? ஒரு விலையை 20 சதவீதம் உயர்த்தி, பிறகு 20 சதவீதம் குறைத்தால் பழைய விலையே வருமா?

முதல் கேள்விக்கு 6 என்று விடை வந்தால் மட்டும் போதாது. ஏன் என்று கேளுங்கள். படம் வரைந்து காட்டினால் புரிந்திருக்கிறது. "திருப்பிப் போட்டுப் பெருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னால், விதி இருக்கிறது, பொருள் இல்லை. கடைசிக் கேள்விக்கு "ஆமாம், பழைய விலைதான்" என்று சொல்லும் பிள்ளைக்குச் சதவீதம் எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. உண்மையில் 4 சதவீதம் குறைந்திருக்கும். பாடத்திட்ட வெளியீட்டாளர்கள் பலர் இலவச நிலையறி தேர்வு தருகிறார்கள். கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளத்திலும் ஒவ்வொரு வகுப்புக்கும் முழுப் பாடத் தேர்வு இலவசமாக இருக்கிறது. அவற்றையும் எழுதச் சொல்லுங்கள், ஆனால் மதிப்பெண்ணைவிடப் பிள்ளை தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பு வயதுப் பிள்ளை ஆறாம் வகுப்புக் கணக்கில் நின்றால், அங்கிருந்தே தொடங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளியால் செய்ய முடியாததும் வீட்டில் செய்ய முடிவதுமான பெரிய உதவி இதுதான். விட்டுப்போன பின்னங்களுக்கு நாங்கள் ஒதுக்கியது ஏழு வாரம். அதன்பின் ஓராண்டுப் பாடம் தங்குதடையின்றி ஓடியது.

படி 4: யார், எத்தனை மணி நேரம் கற்பிக்கப்போகிறீர்கள்?

நேர்மையாக எழுதுங்கள். வேலைக்குப் போகும் பெற்றோர் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம்தான் தர முடியும் என்றால், ஆசிரியர் பக்கத்திலேயே இருக்க வேண்டிய பாடத்திட்டம் எவ்வளவு சிறந்ததானாலும் ஒத்துவராது. பிள்ளையே படித்துச் செய்யும்படி எழுதப்பட்டதையோ காணொளியோடு வருவதையோ பாருங்கள். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் வெறும் விடைகள் போதாது, ஒவ்வொரு வரியும் செய்து காட்டப்பட்ட முழுத் தீர்வு நூல் வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பெற்றோரின் நினைவு கைகொடுக்காத இடங்கள் கட்டாயம் வரும்.

படி 5: பாடம் பாடமாகத் தேர்ந்தெடுங்கள்

முழுத் தொகுப்பு வசதியாகத் தோன்றும். ஆனால் மொழியில் பத்தாம் வகுப்பு நிலையிலும் கணிதத்தில் ஏழாம் வகுப்பு நிலையிலும் நிற்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் ஏற்ற இறக்கமாக இருக்கிறார்கள்.

கணித நூல்களில் இரண்டு போக்குகள் உண்டு. ஒன்று, ஒரு தலைப்பை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். மற்றது, ஒவ்வொரு நாளும் பல தலைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, திரும்பத் திரும்பக் கொண்டுவரும். விரைவில் மறந்துவிடும் பிள்ளைக்கு இரண்டாவது பொருந்தும். ஒன்றில் ஆழ்ந்துபோகும் பிள்ளைக்கு அதே நூல் எரிச்சலூட்டும்.

அறிவியலில் எனக்கு ஒரே உரைகல்தான்: அளக்கச் சொல்கிறதா, அல்லது விடையை முன்பே சொல்லிவிடுகிறதா? ஊசல் பாடத்தை எடுத்துப் பாருங்கள். 1 மீட்டர் நூலில் தொங்கும் குண்டு ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 2 விநாடி எடுக்கும். 1 விநாடியில் திரும்ப வேண்டுமானால் நூலைப் பாதியாக்கினால் போதும் என்றுதான் பிள்ளை முதலில் நினைக்கும். கட்டிப் பார்த்தால் 25 சென்டிமீட்டரில்தான் அது நடக்கும். நல்ல நூல் இந்த ஏமாற்றத்துக்கு இடம் விட்டு, அட்டவணையும் வரைபடமும் போடச் சொல்லும். மற்ற நூல் சூத்திரத்தைக் கட்டம் கட்டிப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போகும். மேல்நிலை வகுப்புகளுக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இயற்பியல் நூல் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பார்க்காமல் வேறெதற்கும் பணம் செலவழிக்காதீர்கள்.

மொழிக்குத் தனித்தொகுப்பு தேவைப்படுவது அரிது. நல்ல நூல்கள், வாரம் ஒரு கட்டுரை, அதைத் திருத்தி மறுபடி எழுதும் பழக்கம் போதும். வரலாற்றுக்கு நூலகம் இருக்கிறது.

படி 6: மாதிரிப் பாடம், பிள்ளையின் வாக்கு

ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு நூல்கள் எஞ்சியதும், மாதிரி அத்தியாயங்களை இறக்கிப் பிள்ளையிடம் கொடுங்கள். முதல் அத்தியாயம் எப்போதும் எளிதாகவே இருக்கும். நூலின் நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுவழிக் கல்வியாளர்கள் இன்றும் பின்பற்றும் ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வலியுறுத்திய பழக்கம் இங்கே உதவும்: ஒரே ஒருமுறை படித்தபின், புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததைத் தன் சொற்களில் சொல்லச் சொல்வது. எந்த நூலைப் படித்தபின் பிள்ளை வாய் ஓயாமல் சொல்கிறதோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதுக்கு மேல் பிள்ளைக்குப் பிடிக்காத நூலைத் திணித்து நடத்துவது இரு பக்கமும் வலிக்கும் வேலை.

படி 7: நாட்களை எண்ணுங்கள்

36 வாரம், வாரத்துக்கு நான்கு நாள் என்றால் 144 நாட்கள். நூலில் 170 பாடங்கள் இருந்தால் எதை விடுவது என்று இப்போதே குறியுங்கள். இல்லையென்றால் கடைசி அத்தியாயங்கள்தான் விடுபடும், கடினமானவையும் அவைதான். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஓராண்டுப் பாடத்துக்குக் கார்னகி அலகு என்ற பெயரில் ஏறத்தாழ 120 மணி நேரக் கணக்கு நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது. உங்கள் அளவு சரியா என்று பார்க்க அதுவும் ஒரு முழம்கோல்.

படி 8: ஆறு வாரம் கழித்து

முதலில் கணிதத்தை மட்டும் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து மற்றவற்றைச் சேருங்கள். ஆறாவது வார முடிவில் பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொரு நூலையும் பேசுங்கள். பாடம் கடினமாக இருக்கிறது என்பதற்காக நூலை மாற்றாதீர்கள். விளக்கம் புரியவில்லை, நீங்கள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தேடி விளக்க வேண்டியிருக்கிறது என்றால், தயங்காமல் மாற்றுங்கள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்து, பாடத்தின் பெயர், நூல், முடித்த அத்தியாயங்கள், செய்த சோதனைகள், எழுதிய கட்டுரைகள், மதிப்பெண் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வாருங்கள். மூன்றாண்டு கழித்து ஒரு கல்லூரி பாட விவரம் கேட்கும்போது, அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து ஒரு மாலையில் எழுதிக் கொடுத்துவிடலாம்.