ஜூன் மாத ஸ்கோரும் ஜூலை மாத வதந்தியும்: கால்பந்து ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவின் பெரிய லீக்குகள் மே கடைசியோடு முடிந்துவிடும், ஆகஸ்ட் வரை பெரிதாகக் கிளப் ஆட்டம் கிடையாது. அந்த இடைவெளியில் நமக்குப் பேசக் கிடைப்பது இரண்டே விஷயம்: தேசிய அணிகள் ஆடும் சில ஆட்டங்கள், அப்புறம் யார் எந்த கிளப்புக்குப் போகிறார் என்ற டிரான்ஸ்ஃபர் செய்திகள். இரண்டிலுமே நம் கையில் இருக்கும் தகவல் ரொம்பக் குறைவு. ஆனால் வருடத்திலேயே நாம் அதிகம் அடித்துப் பேசுவது இந்த நாட்களில்தான். ஒரு தோல்வியை வைத்து கோச்சை விரட்டச் சொல்கிறோம், ஒரு கோலை வைத்து ஒரு பையனை 5 கோடி யூரோ கொடுத்து வாங்கச் சொல்கிறோம், அது நடக்காவிட்டால் கிளப்பைத் திட்டுகிறோம். திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகள் இவை. நிஜமாக நடந்தவற்றை வைத்தே பார்ப்போம்.

முதலில், ஜூன் மாத ஸ்கோரை அப்படியே நம்புவது. இதற்கு இங்கிலாந்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2022 ஜூன் 14 அன்று மோலினோ மைதானத்தில் ஹங்கேரி அவர்களை 4-0 என்று நொறுக்கியது, 1928-க்குப் பிறகு சொந்த மண்ணில் இங்கிலாந்து வாங்கிய மிகப் பெரிய அடி அது. கோச் கேரத் சவுத்கேட்டை வீட்டுக்குப் போகச் சொல்லி அரங்கிலேயே கத்தினார்கள். நீண்ட சீசன் முடிந்த கையோடு, 11 நாட்களுக்குள் ஐரோப்பிய தேசிய அணிகள் ஆடும் நேஷன்ஸ் லீகில் நான்காவது ஆட்டம் அது என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து மாதம் கழித்து அதே கோச்சின் அணி கத்தாரில் ஈரானுக்கு எதிராக 6 கோல் போட்டது, உலகக் கோப்பை காலிறுதி வரை போனது. 2024 ஜூன் 7, வெம்ப்ளியில் ஐஸ்லாந்திடம் 0-1 தோல்வி, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பைக்குக் கிளம்பும் முன் ஆடிய கடைசி ஆட்டம், மறுபடியும் அதே கூச்சல். ஐந்து வாரம் கழித்து அவர்கள் யூரோ இறுதிப் போட்டியில் ஸ்பெயினோடு மோதினார்கள். 2025 ஜூன் 10, நாட்டிங்ஹாமில் செனகலிடம் 1-3. ஆப்பிரிக்க அணி ஒன்றிடம் இங்கிலாந்து தோற்றது அதுதான் முதல் முறை. புதிதாக வந்த கோச் தாமஸ் டுகலுக்கு இது ஒத்துவராது என்றார்கள். அதே வருடம் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்து, ஒரு கோல்கூட வாங்காமல் முடித்தார்கள்.

மூன்று ஜூன், மூன்று தோல்வி, மூன்று முறையும் அதற்கடுத்து நடந்தது வேறு. இங்கிலாந்து ரொம்ப நல்ல அணி என்று நிறுவ நான் இதைச் சொல்லவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கால்பந்தில் செல்லாது. பானையில் இருக்கிற அரிசி எல்லாம் ஒரே தீயில் வேகிறது. தேசிய அணியில் ஒருவர் 60 ஆட்டம் ஆடிக் களைத்து வருவார், இன்னொருவர் காயத்திலிருந்து இப்போதுதான் திரும்பியிருப்பார், சேர்ந்து பயிற்சி எடுக்கக் கிடைப்பது சில நாட்கள்தான்.

அடுத்தது, காலையில் எழுந்து ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது. ஐரோப்பாவின் இரவு ஆட்டங்கள் பலவும் நம் நேரப்படி நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும், எல்லாவற்றையும் கண் விழித்துப் பார்க்க முடியாது என்பது நியாயம்தான். ஆனால் பார்க்காத ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் இருக்க முடியும். 2022 உலகக் கோப்பையில் சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வீழ்த்தியது நினைவிருக்கும். ஸ்கோரை மட்டும் பார்த்தவர்களுக்கு அர்ஜென்டினா முடிந்துபோன அணி. ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு ஒன்று தெரிந்திருக்கும். 10-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் அடித்த பிறகும் சவுதி தடுப்பாட்டக்காரர்கள் பின்வாங்கவில்லை. கோல்கீப்பருக்கும் தங்களுக்கும் நடுவில் பெரிய மைதானத்தையே திறந்துவிட்டு, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே கோடாக நின்றார்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஓடி மெஸ்ஸி ஒன்று, லவுதாரோ மார்ட்டினெஸ் இரண்டு என்று முதல் பாதியிலேயே மூன்று முறை வலைக்குள் பந்தைத் தள்ளினார்கள், பந்து கொடுக்கப்படும்போதே அந்தக் கோட்டைத் தாண்டி நின்றதால் மூன்றுமே ஆஃப்சைடு, கோல் செல்லாது. அதில் ஒன்று தோள்பட்டை அளவு வித்தியாசம். பிறகு இரண்டாம் பாதியில் ஐந்து நிமிட இடைவெளியில் அல்-ஷெஹ்ரியும் அல்-தவ்சாரியும் ஆட்டத்தைப் புரட்டிப் போட்டார்கள். சவுதி கோச் ஹெர்வே ரெனார் எடுத்தது உயிரைப் பணயம் வைக்கிற முடிவு, அன்றைக்குப் பலித்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் போலந்திடமும் மெக்சிகோவிடமும் தோற்று சவுதி பிரிவில் கடைசியாக முடித்தது, அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியது. இதனால் சவுதியின் வெற்றி சிறியதாகிவிடாது. அந்த நாளின் பெருமை அவர்களுடையதுதான். அதை வைத்து அடுத்த மாதத்தைக் கணிக்கப் போனால்தான் சிக்கல்.

'அதிர்ச்சி' என்று நாம் சொல்கிற பல முடிவுகள் கவனித்தவர்களுக்கு அதிர்ச்சியே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016 யூரோவில் ஐஸ்லாந்து இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பியபோது சின்ன நாடு, அதிசயம் என்று எழுதினார்கள். அதே ஐஸ்லாந்து அந்தத் தகுதிச்சுற்றில் நெதர்லாந்தை ரெய்க்யாவிக்கிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இரண்டு முறை தோற்கடித்துவிட்டுத்தான் வந்திருந்தது. 2022 மார்ச்சில் பலெர்மோவில் வடக்கு மாசிடோனியா கடைசி நிமிட கோலில் ஐரோப்பிய சாம்பியன் இத்தாலியை உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து வெளியேற்றியது, கோல் அடித்த திராய்கோவ்ஸ்கி அந்த ஊர் கிளப்பிலேயே ஆடியவர். ஒரு வருடம் முன்பு இதே அணி ஜெர்மனிக்கே போய் 2-1 என்று ஜெயித்திருந்தது. சின்ன அணிகளின் முந்தைய ஆட்டங்களைப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை, அவ்வளவுதான். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. 2024 யூரோவில் ஜார்ஜியா போர்ச்சுகலை 2-0 என்று வென்றபோது, போர்ச்சுகல் ஏற்கெனவே பிரிவில் முதலிடத்தை உறுதி செய்துவிட்டு பெரும்பாலான ஆட்டக்காரர்களை மாற்றி இறங்கியிருந்தது. ஜார்ஜியாவுக்கோ அது வாழ்வா சாவா ஆட்டம். புள்ளிப் பட்டியலைப் பார்க்காமல் இந்த ஆட்டத்தைப் பேசவே கூடாது.

சரி, ஸ்கோரிலிருந்து டிரான்ஸ்ஃபருக்கு வருவோம். இரண்டையும் முடிச்சுப் போடுவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுகிறது. தேசிய அணிக்காக ஒரு கோல் அடித்ததும் "இவனை உடனே வாங்கு" என்கிறோம். பெரிய ஆட்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1996 யூரோவைப் பார்த்துத்தான் கரேல் போபோர்ஸ்கியையும் யோர்டி க்ரைஃபையும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வாங்கியதாக அலெக்ஸ் ஃபெர்குசன் பிற்பாடு சொன்னார், இருவருமே அங்கே நிலைக்கவில்லை. இன்னொரு பக்கம் ஹமெஸ் ரோட்ரிகஸ்: 2014 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்து ரியல் மாட்ரிட் போனார், அந்த ஒரு மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர் போலப் பேசினோம். அதற்கு ஒரு வருடம் முன்பே மொனாக்கோ அவருக்குச் சுமார் 4.5 கோடி யூரோ கொடுத்திருந்தது. அந்த நாட்டிங்ஹாம் ஆட்டத்தில் செனகலின் இரண்டாவது கோலை அடித்த ஹபீப் டியாரா மூன்று வாரத்தில் சண்டர்லண்டில் சேர்ந்தார். ஒரு கோலுக்காக வாங்கினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது, அவர் அந்த சீசனில் ஸ்ட்ராஸ்பூர்க் அணிக்கு கேப்டன். ஆட்டக்காரர்களைத் தேடிக் கவனிக்கும் கிளப்புகளின் ஸ்கவுட்கள் மாதக்கணக்கில், லீக் ஆட்டங்களில், மழையிலும் தோல்வியிலும் ஒருவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வதந்தியைப் படிக்கும்போது இதனால் இன்று யாருக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் முடியப் போகும் ஆட்டக்காரரின் ஏஜென்ட்டுக்கு, "மூன்று கிளப்புகள் ஆர்வம்" என்ற செய்தி சம்பளப் பேச்சில் கைகொடுக்கும். விற்க நினைக்கும் கிளப்புக்கு விலை ஏற வேண்டும், வாங்க நினைக்கும் கிளப்புக்குத் தாங்களும் முயல்கிறோம் என்று ரசிகர்களுக்குக் காட்ட வேண்டும். நிகோ வில்லியம்ஸ் பார்சிலோனாவுக்குப் போகிறார் என்று 2024 கோடையிலும் 2025 கோடையிலும் தினமும் படித்தோம். 2025 ஜூலையில் அவர் அத்லெடிக் பில்பாவோவிலேயே 2035 வரை கையெழுத்திட்டார், வேறு கிளப் அவரைக் கொண்டுபோகக் கட்ட வேண்டிய ரிலீஸ் கிளாஸ் தொகையும் பாதிக்கு மேல் கூடியது. அத்தனை செய்தியும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பேச்சு நடந்திருக்கும். பேச்சு நடப்பது வேறு, ஆள் வந்து சேருவது வேறு.

நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று பாருங்கள். கிளப்புக்கும் கிளப்புக்கும் விலை ஒத்துப்போக வேண்டும், ஆட்டக்காரருக்குச் சம்பளம் ஒத்துவர வேண்டும், மெடிக்கல், அதாவது உடல் பரிசோதனை, தேற வேண்டும், காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், கடைசியில் லீகில் பதிவாக வேண்டும். ஒவ்வொரு படியிலும் விழுந்தவர்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் மொய்சஸ் கைசெடோவுக்காக லிவர்பூல் பிரைட்டனோடு 11 கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்தது, அவரோ செல்சீதான் வேண்டும் என்று போய்விட்டார். 2018-இல் மால்கம் என்ற ஆட்டக்காரருக்காக இத்தாலியின் ரோமா கிளப் விலை முடிந்தது என்று அதிகாரபூர்வமாகவே அறிவித்து, ரசிகர்கள் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள், அவர் பார்சிலோனாவுக்குப் பறந்தார். 2015-இல் மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டேவிட் டி கியா ரியல் மாட்ரிட் போகாமல் நின்றதற்குக் காரணம் கடைசி இரவில் காகிதம் தாமதமானது. எல்லாவற்றையும்விட மனதில் நிற்பது பிரான்ஸின் லியோன் கிளப்பில் ஆடிய நபில் ஃபெகிர். 2018 ஜூனில் உலகக் கோப்பைக்குக் கிளம்பும் முன் லிவர்பூலுக்காக மெடிக்கல் நடந்தது, லிவர்பூல் சட்டையில் நேர்காணலும் எடுத்தார்கள். முழங்கால் பரிசோதனைக்குப் பிறகு கதை மாறியது, 2015-இல் தேசிய அணிக்கான ஆட்டம் ஒன்றில் அறுந்த தசைநார் உள்ள முழங்கால் அது. லியோன் பேச்சு முடிந்துவிட்டதாக அறிக்கை விட்டது. எனவே "முடிந்தது" என்று யார் சொன்னாலும், வாங்குகிற கிளப்பின் சொந்தத் தளத்தில் பார்த்த பிறகு கொண்டாடுவது நல்லது. போலிக் கணக்குகளையும் மறந்துவிடாதீர்கள், 2022 கடைசியிலிருந்து ட்விட்டரில் நீல டிக் காசு கொடுத்தால் கிடைக்கிறது, பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பகிருங்கள்.

இந்த நாட்களில் ஆட்டக்காரரின் பக்கத்துக்குப் போய், அவர் மனைவியின் படத்துக்குக் கீழேகூட "வா", "போ", "துரோகி" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். இதில் விவாதிக்க எதுவும் இல்லை. செய்யாதீர்கள்.

பணக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் கோச்சையும் ஆட்டக்காரரையும் பழிப்பது இன்னொன்று. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் மூன்று வருடத்தில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச நஷ்டம் 10.5 கோடி பவுண்டு என்று விதி வைத்திருந்தார்கள், பல கிளப்புகளின் கணக்கு ஜூன் 30-இல் முடியும். வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள், ஆனால் சொந்த அகாடமியில் வளர்ந்தவரை விற்றால் வருவது அத்தனையும் அந்த வருட லாபம். அதனால்தான் 2024 ஜூன் கடைசி வாரத்தில் நியூகாசில் தன் ஊர்ப் பையன் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு விற்றது. அவரிடம் திறமை இல்லை என்று அன்றைக்கு எழுதியவர்கள் உண்டு. அடுத்த வருடமே அவர் இங்கிலாந்து அணியில் ஆடினார்.

கையெழுத்து ஆனதும் எல்லாம் முடிந்ததா என்றால், ஸ்பெயினில் அதுவும் இல்லை. அங்குள்ள முதல்நிலை லீக்கான லா லிகா ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதற்குள் இடம் இல்லாவிட்டால் வாங்கிய ஆளைப் பதிவு செய்ய முடியாது. 2024 ஆகஸ்டில் டானி ஓல்மோவை பார்சிலோனா வாங்கி, படம் எடுத்து, சட்டையும் விற்றது, ஆனால் முதல் இரண்டு லீக் ஆட்டங்களுக்கு அவரை இறக்க முடியவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் ராயோ வாயெகானோ அணிக்கு எதிராக இடைவேளைக்குப் பிறகு வந்து வெற்றி கோலை அடித்தார். அந்தப் பதிவும் டிசம்பர் 31 வரைக்கும்தான். ஜனவரியில் பதிவு காலாவதியாகி, ஸ்பெயின் அரசின் விளையாட்டுக் கவுன்சில் தலையிட்டுத் தற்காலிக அனுமதி கொடுத்த பிறகே மறுபடி ஆடினார். இந்தக் கோடையில் பார்சிலோனா பெயரோடு ஒரு பெரிய பெயர் அடிபட்டால், விலை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் பதிவு செய்ய இடம் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.